விட்டு விட்டு நிற்கும் கார்: பழுதைத் தேடுவதற்கும் கூலி கொடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்களில் ஒருவர் தம்முடைய பழைய காரைப் பற்றி எழுதியிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுச்சாலையில் என்ஜின் நின்றுவிடுகிறது, அரைமணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்புகிறது, எல்லாவற்றுக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்பது அவர் குறை. அவர் படும் பாடு எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு மாசி தொடங்கி வைகாசி வரை நானும் அதே பாடு பட்டேன். ஆனால் அவர் காரணத்தை முடிவு செய்த வேகத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வேகத்தில் நானும் கிட்டத்தட்டப் பத்தொன்பதாயிரம் ரூபாயைத் தொலைத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடமிருந்தால் முழுவதையும் வெளியிட வேண்டுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் 1978-இல் லைன்மேனாகச் சேர்ந்து, 2013-இல் ஓய்வு பெற்றவன். மதுரையில் 198 என்ற எண்ணுக்கு வரும் புகார்ச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சைக்கிளில் போனவர்களில் நானும் ஒருவன். முற்றிலும் செத்துப்போன லைன் எங்களுக்குச் சுலபமான வேலை. எங்கே அறுந்திருக்கிறது என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து அளந்தே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். விட்டு விட்டு வரும் பழுதுதான் உயிரை எடுக்கும். மழை பெய்தால் கரகர என்று இரையும். நாங்கள் போய் நிற்கும்போது வெயில் அடித்துக் கேபிள் ஜாயின்ட் காய்ந்து, குரல் மணிபோலக் கேட்கும். சீட்டில் 'பழுது இல்லை' என்று எழுதிவிட்டு வருவோம். மறுநாள் அதே எண்ணுக்கு மறுபடி புகார் வரும். எனக்கு வேலை பழக்கிய மேற்பார்வையாளர் ஒருநாள் அந்தச் சீட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "பழுது இல்லை என்று எழுதாதே. நான் போனபோது பழுதைப் பார்க்கவில்லை என்று எழுது" என்றார். முப்பத்தைந்து ஆண்டு வேலையில் நான் கற்றதில் பாதி அந்த வரிதான். அதை என் சொந்தக் காரில் மறந்துபோனேன்.

என்னிடம் இருப்பது 2003-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். கார்புரேட்டர் இல்லாத, பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் முறை வண்டி. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. இருபதாண்டு ஓடிய வண்டியின் மூப்புக்குத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 2023-இல் ஐயாயிரம் ரூபாய்க் கட்டணமும் பசுமை வரியும் கட்டி ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தேன். மகளை உசிலம்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். விளாங்குடியிலிருந்து அங்கே போய்வருவதற்கும், மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப்போவதற்கும் அந்த வண்டிதான்.

முதல்முறை நின்றது காளவாசல் மேம்பாலத்தில், மதியம் ஒன்றரை மணிக்கு. பாலத்தில் ஏறி முடித்து இறங்கும்போது வண்டி இரண்டு முறை திக்கியது. பிறகு என்ஜின் ஓசையே இல்லை. பின்னால் ஒரு நகரப் பேருந்து. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. இரண்டாம் முறையும் பிடித்தது. மூன்றாம் முறை மிதித்தபோது பெடல் கல்லாக இறுகிவிட்டது. என்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக்குக்குக் கைகொடுக்கிறது; என்ஜின் நின்றபின் சேமிப்பில் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியாக இருந்தால் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இது தெரியாதவர்கள் பிரேக்கே போய்விட்டது என்று பதறிச் சாவியைப் பிடுங்கிவிடுகிறார்கள். வண்டி உருளும்போது ஒருபோதும் சாவியை எடுக்கக் கூடாது; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நியூட்ரலுக்கு மாற்றி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, பிரேக்கைத் தத்தித் தத்தி மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். இந்த ஒரு பத்தியையாவது ஆசிரியர் வெட்டாமல் வெளியிட வேண்டும்.

அன்று நாற்பது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். முதல் செல்ஃபிலேயே எடுத்தது. வீட்டுக்கு வரும்வரை ஒரு குறையும் இல்லை.

மறுநாள் பைபாஸ் ரோட்டுப் பக்கம் நான் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நல்ல பையன், கைசுத்தமான வேலை. ஓட்டிப் பார்த்தான், நிற்கவில்லை. "பிளக்கும் பிளக் ஒயரும் பழசாகிவிட்டன ஐயா, மாற்றிப் பார்ப்போம்" என்றான். மாற்றினோம். ஒன்பது நாள் கழித்து நின்றது. பெட்ரோல் ஃபில்டரை மாற்றிப் பார்ப்போம் என்றான். பிறகு தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னீஷன் காயில். பிறகு டேங்கை இறக்கிக் கழுவினோம். பிறகு என்ஜின் சுழற்சியைக் கணக்கிட்டுச் சொல்லும் கிராங்க் சென்சார். சூடேறினால் அதற்குள் இருக்கும் சுருள் விட்டுப்போவது உண்டு, ஆறினால் சரியாகிவிடும் என்று அவன் சொன்னது உண்மையே. கடைசியில் பெட்ரோல் பம்ப். பிளக்கும் ஒயரும் 1,900, ஃபில்டர் 650, காயில் 2,400, டேங்க் கழுவ 1,200, சென்சார் 2,100, பம்ப் 6,800. கூலி தனியாக 3,500. ஒவ்வொரு முறையும் 'மாற்றிப் பார்ப்போம்'. எதை வைத்து இதை மாற்றுகிறோம் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பம்பை மாற்றியபின் பதினாறு நாள் நிற்கவில்லை. வெற்றி என்று நினைத்தேன். அந்தப் பதினாறு நாளில் நான்கு நாள் கோடை மழை பெய்தது என்பதை அப்போது யோசிக்கவில்லை. பதினேழாம் நாள் பழங்காநத்தத்தில் நின்றது.

பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றுக்கும் போனேன். கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்க்கிறோம் என்றார்கள், பொருந்தவில்லை. நம் நாட்டில் கார்களில் கோளாறுக் குறியீடு காட்டும் ஓ.பி.டி. ஏற்பாடு 2010-க்குப் பிறகே படிப்படியாகக் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. சிலவற்றில் இரண்டு முனைகளை இணைத்தால் டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு மினுக்கி எண் சொல்லும். அங்கிருந்த இளைஞர்களுக்கு அது பழக்கமில்லை. "இதற்குச் செலவு செய்வதைவிட எடைக்குப் போட்டுவிடலாம் சார்" என்றார் ஒருவர். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். என் மனைவி அதன்பிறகு வீடு வரும்வரை பேசவில்லை.

அன்று இரவுதான் பழைய வேலைப் புத்தி வந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், கிளம்பி எத்தனை கிலோமீட்டர், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஏ.சி. ஓடியதா, அதற்குமுன் வண்டியை நிறுத்தி வைத்திருந்தது வெயிலிலா நிழலிலா, எப்படி நின்றது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது. பழைய சம்பவங்களில் ஐந்தை என் நினைவிலிருந்தும் மனைவியின் நினைவிலிருந்தும் எழுதினேன். பின்னால் ஆறு சேர்ந்தன. மொத்தம் பதினொன்று.

'எப்படி நின்றது' என்ற கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெக்கானிக்கிடம் போகும் பெரும்பாலோர் இதைச் சொல்வதில்லை, 'ஆஃப் ஆகிவிடுகிறது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். சுவிட்சை அணைத்ததுபோல ஒரே வெட்டாக நின்றால் மின்சாரத்தின் பக்கம், அதாவது தீப்பொறியின் பக்கம் பார்க்க வேண்டும்: சென்சார், காயில், சாவித் துவாரத்துக்குப் பின்னால் உள்ள சுவிட்ச். சுற்று காட்டும் மீட்டர் உள்ள வண்டியில், வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே அதன் முள் சட்டென்று பூச்சியத்தில் விழுந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். திக்கித் திணறி, இழுவை குறைந்து, இரண்டு குலுக்கலுக்குப் பிறகு நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் நின்றால் அது வேறு கதை. எங்கள் எதிர்வீட்டுக்காரரின் வண்டி அப்படித்தான் அரசரடி சிக்னலில் நின்றுகொண்டே இருந்தது. காற்று போகும் வாயில் அடைந்திருந்த கரியைத் துடைத்து, ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது காற்றை அளந்துவிடும் ஐட்லிங் வால்வைக் கழுவியதோடு சரியானது. மேலூரில் என் அத்தான் மகன் வண்டி பள்ளத்தில் இறங்கினால் நிற்கும். அவன் சாவிக்கொத்தில் வீடு, கடை, மோட்டார் கொட்டகை என்று பதினான்கு சாவிகள். அந்தக் கனத்தில் சாவிச் சுவிட்சின் உட்பகுதி தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. திருமங்கலத்து நண்பர் ஒருவருக்குப் பெட்ரோல் மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும், உடனே வண்டி கிளம்பும். டேங்க் மூச்சுவிடும் வழி அடைத்திருந்தது. என் வண்டியோடு சேர்த்து நான்கு வண்டிகளும் 'நிற்கின்றன' என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

என் நோட்டைப் பார்த்தேன். பதினொன்றில் பத்து, பகல் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையில். மிச்சம் ஒன்று காலை பத்தரைக்கு. அன்றும் மாட்டுத்தாவணியில் திறந்தவெளியில் வண்டி மூன்று மணி நேரம் நின்றிருந்தது. பதினொன்றிலும் அதற்குமுன் வண்டி வெயிலில் நின்றிருக்கிறது. இரவில் ஒருமுறைகூட இல்லை. சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போய் இரவில் திரும்பினோம். மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. என்ஜின் அன்றுதான் மிக நீண்ட நேரம் சூடாக இருந்திருக்கும். நிற்கவில்லை. டேங்கில் பாதிக்கு மேல் இருந்ததும் உண்டு, ரிசர்வ் விளக்கு எரிந்ததும் உண்டு. பெட்ரோல் போட்டது மூன்று வெவ்வேறு பெட்ரோல் பங்க்குகளில்.

இங்கேதான் என் மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும். நோட்டில் ஏழாவது வரியாக, கருமாத்தூர் தாண்டி நின்றபோது, புழுக்கம் தாங்காமல் அவர் நான்கு கதவையும் பின்கதவையும் திறந்து போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் போய் நின்றார். எட்டே நிமிடத்தில் வண்டி எடுத்தது. மற்ற நேரங்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்கி நிற்போம். முப்பது, நாற்பது நிமிடம் ஆகும். நோட்டில் 'எட்டு' என்று எழுதியபோது எனக்குச் சுரீரென்றது. எட்டு நிமிடத்தில் என்ஜின் ஆறாது. ஆறியது வண்டிக்குள் இருந்த காற்று. அப்படியானால் நான் தேட வேண்டியது பேனட்டுக்குக் கீழே இல்லை. நாங்கள் உட்காரும் இடத்தில்.

வெளியே நாற்பது டிகிரி வெயில் அடிக்கும்போது கண்ணாடி ஏற்றிய காருக்குள் அறுபதைத் தாண்டும்; டேஷ்போர்டு அதற்கும் மேலே கொதிக்கும். அந்த டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் பல வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே என்ற சிறு மின்சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது.

சந்தேகம் வேறு, சாட்சி வேறு. ரிலேயையும் 'மாற்றிப் பார்த்தால்' நான் மறுபடி அதே குருட்டு வழியில்தான் போகிறேன். எனவே வண்டி நிற்கும் கணத்தில் பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்று கண்ணால் பார்க்க ஏற்பாடு செய்தேன். பின்சீட்டுக்கு அடியில் பம்புக்குப் போகும் ஒயரில் ஒரு சிறு கிளை எடுத்து, அதற்கு இரண்டு ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ஐந்து வாட் பார்க்கிங் பல்பு ஒன்றை நீண்ட ஒயரில் முன்சீட்டுவரை கொண்டுவந்தேன். பம்புக்கு மின்சாரம் இருக்கும்வரை பல்பு எரியும். ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி போனோம். வேண்டுமென்றே வண்டியைக் கண்ணாடி ஏற்றி இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டேன். மகள், "அப்பா, வேப்பமரத்தடி காலியாக இருக்கிறதே" என்றாள். வேண்டாம் என்றேன்.

திரும்பும்போது மனைவி பல்பை மடியில் வைத்துக்கொண்டார். சாலையைப் பார்ப்பது என் வேலை, பல்பைப் பார்ப்பது அவர் வேலை. ஓட்டுபவர் இதைச் செய்யவே கூடாது. அவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தேன்: பல்பு அணைந்தால் போதாது, வண்டி குலுங்குவதற்கு முன்னால் அணைந்ததா, பின்னால் அணைந்ததா என்பதுதான் வேண்டும். என்ஜின் சுழல்வது நின்றுவிட்டால் பம்பை வண்டியின் கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். ஆகவே வண்டி நின்றபின் பல்பு அணைந்திருப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது.

செக்கானூரணிக்குச் சற்று முன்னால், "என்னங்க, விளக்கு அணைந்துவிட்டது" என்றார். அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபிறகுதான் வண்டி குலுங்கியது. குழாயில் மிச்சமிருந்த அழுத்தம் தீரும்வரை ஓடி, பிறகு நின்றது. ஓரமாக ஒதுக்கினேன். எழுபத்திரண்டு வயதில் அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் நடுவழியில் நின்றது அன்று ஒருநாள்தான்.

கதவுகளைத் திறக்கவில்லை, சூடு போய்விட்டால் சாட்சியும் போய்விடும். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினேன். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு விநாடி 'விர்' என்று ஓட வேண்டும். ஓசை இல்லை. டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியின் பின்னால் கைவிட்டு, சாவியை அணைத்து மறுபடி திருப்பிக்கொண்டே, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ரிலேயை இலேசாகத் தட்டினேன். 'விர்' என்றது. தட்டாமல் சாவியைத் திருப்பினால் ஓசை இல்லை. தட்டிக்கொண்டே திருப்பினால் ஓடியது. பிறகு ரிலேயையே கழற்றிவிட்டு, அது இணைக்கும் இரு முனைகளையும் ஃபியூஸ் வைத்த ஒயர்த் துண்டால் இணைத்தேன். பம்ப் தடங்கலின்றி ஓடியது. பம்பும் நல்ல பம்ப், ஒயரும் நல்ல ஒயர். ஒன்றை எச்சரிக்கிறேன்: அப்படி நேராக இணைத்துவிட்டு யாரும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. விபத்தில் என்ஜின் நின்றாலும் பம்ப் நிற்காமல் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நான் சோதித்த பத்து விநாடியோடு எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ரிலேயின் பிளாஸ்டிக் மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே தீப்பெட்டி அளவுப் பலகை. அதன் அடியில் முனைகள் ஈயப்பற்றால் பிடிக்கப்பட்டிருந்தன. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலப் பளபளத்தன. பேரன் தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கனமான மின்சாரம் போகும் முனையைச் சுற்றி மட்டும், நெற்றிப் பொட்டைச் சுற்றி மையால் வரைந்ததுபோல மயிரிழை அளவில் ஒரு கறுப்பு வளையம். குச்சியால் முனையை அசைத்தால் அந்த வளையத்துக்குள் முனை தனியாக ஆடியது. இருபத்திரண்டு கோடைகளில் ஒவ்வொரு நாளும் சூடேறி ஆறும்போது, முனை ஓர் அளவு விரியும், பலகை ஓர் அளவு விரியும், இடையில் உள்ள ஈயம் இழுபட்டு அலுத்துப்போகும். ஒருநாள் விரிசல் சுற்றிவந்து முடிந்துவிடும். குளிரில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், வெயிலில் விலகும். எக்ஸ்சேஞ்சில் 'டிரை சால்டர்' என்று நாங்கள் ஆயிரம் முறை சபித்த அதே பழுது.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, முனையைச் சுரண்டி, வெள்ளீயமும் ஈயமும் அறுபதுக்கு நாற்பது கலந்த பற்றுக்கம்பியால் புதிதாகப் பற்றுவைத்தேன். பத்து நிமிட வேலை. பழக்கமில்லாதவர்கள் புது ரிலே வாங்கிப் போட்டுவிடலாம். சில நூறு ரூபாய்தான். வைகாசி கடைசியில் செய்தது. நோட்டை அதோடு மூடிவிடவில்லை. பம்பை மாற்றியபோது பதினாறு நாளில் ஏமாந்த அனுபவம் இருந்ததால், மறுபடியும் வெயிலில் கண்ணாடி ஏற்றிப் போட்டு உசிலம்பட்டி போய்வந்தேன், ஆறு முறை. பிறகு இந்த ஆண்டுக் கத்திரி வெயிலும் வந்து போய்விட்டது. செக்கானூரணிக்கு முன்னால் நின்றது பன்னிரண்டாவது வரி; பதிமூன்றாவது வரி இன்னும் காலியாக இருக்கிறது.

எத்தனாலைப் பற்றிய கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் சீல்களும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். நானும் பெட்ரோல் ரப்பர்க் குழாய்களை மாற்றிவிட்டேன், மாற்ற வேண்டியதுதான். ஆனால் அதையும் சோதித்துச் சொல்லலாமே. டேங்கிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்துத் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் ஓர் இரவு வைத்தால் அடியில் தனி அடுக்கு தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். பெட்ரோல் பங்க்கில் அடர்த்தியையும் ஃபில்டர் தாளையும் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மதியத்தில் மட்டும் நின்று, மாலையில் அதே பெட்ரோலில் ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோலைக் குற்றம் சொல்வது எப்படி?

என் மெக்கானிக்கிடம் ரிலேயைக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியோடு காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். "ஐயா, நீங்கள் நோட்டை முதலிலேயே காட்டியிருந்தால் நானும் கண்டுபிடித்திருப்பேன்" என்றான். உண்மை. பிறகு அவன் சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "ஒரு வண்டியை இரண்டு நாள் வைத்துத் தேடினால், கடைசியில் ஒரு ஈயப்பற்றுக்கு நான் எவ்வளவு பில் போடுவது? பார்த்ததற்கெல்லாம் காசா என்று கேட்பார்கள். பம்பை மாற்றினேன் என்றால் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள்."

நானும் அப்படித்தான் கொடுத்தேன். 6,800 ரூபாய்ப் பம்புக்கு மறுபேச்சு பேசாத நான், 'ஒருநாள் முழுக்கச் சோதித்தேன், 1,500 கொடுங்கள்' என்று அவன் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பேன். டாக்டரிடம் போனால் நாடி பிடித்துப் பார்ப்பதற்குப் பணம் தருகிறோம். மருந்துச் சீட்டின் நீளத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. நாம் சோதனைக்குக் கூலி தர மறுக்கும்வரை மெக்கானிக்குகள் சாமான் மாற்றித்தான் பிழைக்க முடியும். மதுரையில் சாலையோரம் எண்ணெய்க் கையோடு நிற்கும் எத்தனையோ பேருக்கு என்னைவிட நூறு மடங்கு வாகன அறிவு உண்டு. அந்த அறிவுக்கு நாம் விலை வைக்கவில்லை.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள்: விடும்போதே, 'முதலில் தேடுங்கள், தேடுவதற்கு இவ்வளவு தருகிறேன், என்ன சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது என்று தாளில் எழுதிக் கொடுங்கள்' என்று சொல்லிவிட வேண்டும். ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களிடம்: கழற்றிய பழைய சாமானைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள். என் பழைய பம்ப் இன்றைக்கும் நன்றாக ஓடும், அது என் பரணில் இருக்கிறது. பழைய காயில் எங்கே போயிற்று என்று தெரியாது. புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு, பயிற்றுநரே ஓடும் என்ஜினில் ஒரு பழுதை ஒளித்துவைத்து, ஒரு சாமானையும் மாற்றாமல் அளந்தே கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சியை நிறையக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்களுக்குப் பயிற்சியில் அப்படித்தான் கேபிளில் பழுதை ஒளித்துவைத்தார்கள். அழைத்தால் என் உடைந்த ரிலேயையும் பல்பையும் எடுத்துக்கொண்டு வந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

கடைசியாக, கடிதம் எழுதிய அந்த வாசகருக்கு: உங்கள் வண்டி நிற்பது எந்த நேரத்தில்? அதற்குமுன் வெயிலில் நின்றதா? வெட்டாக நிற்கிறதா, திக்கி நிற்கிறதா? நின்றவுடன் சாவியைப் போட்டால் பின்சீட்டுக்கு அடியில் ஓசை கேட்கிறதா? எத்தனை நிமிடத்தில் எடுக்கிறது, கதவைத் திறந்து வைத்தால் அது குறைகிறதா? ஐந்து முறை நின்றதற்கு இவற்றைக் குறித்துத் தங்கள் நாளிதழுக்கே எழுதினால், என்னைப் போன்ற சிலர் உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதுவோம். அதுவரை தயவுசெய்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச்சாலையில் போகாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
விளாங்குடி, மதுரை.